மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம்

மார்கழி பிறந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நீங்கள் காலண்டரைப் பார்க்க வேண்டாம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் உங்கள் தெரு மருந்துக் கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் போதும்.

போன வாரம் நான் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். முதல் ஆள், கழுத்தில் மஃப்ளர், கையில் ஹெல்மெட்.

"அண்ணே, சளி, லேசா ஜுரம், தொண்டை கரகரங்குது. நாளைக்கு ஆபீஸ்ல ஆடிட்டிங். ஸ்ட்ராங்கா ஏதாச்சும் குடுங்க."

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று அட்டைகளை எடுத்தார். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றிலும் மூன்று மாத்திரை வெட்டினார். "இது ரெண்டும் காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு. இது மட்டும் தினம் ஒண்ணு."

எட்டிப் பார்த்தேன். 'இது மட்டும்' என்றது ஓர் ஆன்டிபயாடிக். அட்டையின் முதுகில் சிவப்புக் கோடு.

அடுத்து, மூக்கு ஒழுகும் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மா. "போன தடவை ஒரு சிரப் குடுத்தீங்களே, குடிச்சதும் நல்லாத் தூங்கிட்டான். அதையே குடுங்க." அதற்கடுத்து, இம்யூனிட்டிக்கு என்று ஏதோ மிட்டாய் மாதிரி மாத்திரை கேட்ட கல்லூரிப் பெண். கடைசியாக ஒரு பெரியவர், லேகியம் ஒரு கிலோ டப்பா வாங்கினால் ஏதாவது இலவசம் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தபோது சும்மா இருக்க முடியவில்லை. பத்திரிகைக்காரன் புத்தி. "டாக்டர் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் குடுக்கலாமா சார்?"

அவர் கோபப்படவில்லை. "நான் குடுக்கலேன்னா அடுத்த கடையில வாங்கிக்குவாங்க சார். டாக்டர்கிட்ட போனா ஃபீஸ் முன்னூறு. அவரும் இதைத்தான் எழுதப் போறாரு."

யோசித்துப் பார்த்தால், நம் ஊர் மருத்துவத்தின் மொத்தக் கோளாறும் அந்த மூன்று வாக்கியத்துக்குள் இருக்கிறது.

*

ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் குணமாகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளாகும் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. சிரிப்பதற்காகச் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மருத்துவப் பாடம்.

சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. ஒன்றல்ல, இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. வைரஸை அது ஒன்றும் செய்யாது. எலிப் பொறியை வைத்துவிட்டுக் கொசு சிக்குமா என்று காத்திருப்பது மாதிரி.

"அப்படியில்ல சார், எனக்கு மூணு நாள்ல கேட்டுச்சே?" என்று நீங்கள் கேட்பீர்கள். எப்போது மாத்திரை போட ஆரம்பித்தீர்கள்? முதல் நாள் தும்மல், இரண்டாம் நாள் தொண்டை வலி, மூன்றாம் நாள் முடியாமல்போய்க் கடைக்குப் போனீர்கள். மூன்று நாள் போட்டீர்கள். ஆக ஆறு நாள் ஆகிவிட்டது. ஏழாம் நாள் தானாகவே போயிருக்கும். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. பில் மட்டும் காக்கையின் பேரில்.

2023 மார்ச் மாதம், நாடு முழுக்க இருமலும் ஜுரமும் பரவியபோது, இந்திய மருத்துவச் சங்கமே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜுரம் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம் வரைகூட நீடிக்கலாம், இதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள் என்று தன் உறுப்பினர்களான டாக்டர்களுக்கே சொன்னது. மூன்று வாரம் என்பதைக் கவனியுங்கள். நாம் மூன்றாவது நாளே 'இந்த மாத்திரை கேக்கலை, வேற மாத்து' என்று கிளம்பிவிடுகிறோம்.

சரி, கேட்காவிட்டால் போகிறது, நாற்பது ரூபாய்தானே நஷ்டம்? இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

நீங்கள் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது உங்கள் உடம்பில் சும்மா இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் பலவீனமானவை சாகின்றன. அந்த மருந்தைத் தாங்கக்கூடியவை பிழைத்து, பெருகி, அடுத்தவருக்கும் போகின்றன. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு மேடையிலேயே இதை எச்சரித்தார். மருந்தைக் கண்டபடி வாங்கி, அரைகுறை அளவில் சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்றார். எண்பது வருஷமாகிறது. நாம் இன்னும் மூன்று மாத்திரை வெட்டி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இது எங்கேயோ அமெரிக்காவில் நடக்கும் கதை என்று நினைக்காதீர்கள். 2010இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கடைசி ஆயுதமாக டாக்டர்கள் வைத்திருக்கும் ஆன்டிபயாடிக்கையும் சமாளிக்கிற கிருமிகளைப் பற்றியது. கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. ஆராய்ந்த கிருமி மாதிரிகளில் 44 சென்னையில் கிடைத்தவை. அந்தத் தாங்குசக்தியைத் தரும் நொதிக்கு 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் அரசியல்வாதிகளுக்குக் கோபம் வந்தது. கிருமி மேல் அல்ல, பெயர் மேல்!

கோபம் ஆறிய பிறகு சில நல்லதும் நடந்தது. 2012இல் மருத்துவர் சங்கங்கள் சென்னையில் கூடி, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தச் சொல்லி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல் முக்கியமான சில ஆன்டிபயாடிக்குகள் 'எச்-1' என்ற தனிப் பட்டியலுக்குள் வந்தன. இவற்றை விற்றால் எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016இல் மத்திய சுகாதாரத் துறை 'சிவப்புக் கோடு போட்ட அட்டையை டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள்' என்று பிரசாரமே செய்தது. கேரளாவில் 2024இல் மருந்துக் கடைகளில் திடீர் சோதனை நடத்தினார்கள்.

சட்டம் இருக்கிறது. ரிஜிஸ்டர் இருக்கிறது. சிவப்புக் கோடும் இருக்கிறது. கத்தரிக்கோல் அதற்குக் குறுக்காகவே வெட்டுகிறது.

2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக உலகம் முழுக்கச் செத்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022இல் லான்செட்டில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. மஃப்ளர் கட்டியவரின் ஆடிட்டிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியுமா? நாளை அவர் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்து புண்ணில் கிருமி புகுந்தால், மருந்து கேட்க வேண்டுமே!

*

இப்போது அந்தக் கல்லூரிப் பெண்ணிடம் வருவோம். இம்யூனிட்டி மிட்டாய்.

நான் படித்தது பி.காம். எனக்கு வைத்தியம் தெரியாது, பற்று வரவு தெரியும். ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுதியே ஆக வேண்டும். அதனால் எந்த அறிவுரையைக் கேட்டாலும், 'இதில் வரவு யார் கணக்கில்?' என்று பார்ப்பது பழகிவிட்டது.

'நன்றாகத் தூங்குங்கள்' என்றால் யாருக்கு வரவு? யாருக்கும் இல்லை. 'ஜன்னலைத் திறந்து வையுங்கள்' என்பதற்கு எம்.ஆர்.பி. கிடையாது. 'சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்' என்பதில் சோப்புக் கம்பெனிக்குக் கொஞ்சம் உண்டு, ஆனால் பத்து ரூபாய் சோப்பு போதும் என்பதால் அதில் பெரிய லாபம் இல்லை. அதனால்தான் இவற்றுக்கு முழுப் பக்க விளம்பரம் வருவதில்லை. ஆனால் 'நோய் எதிர்ப்புச் சக்தியை அதிகரிக்கும்' என்று ஒரு டப்பாவின் மேல் எழுதினால்? 2020 கொரோனாவுக்குப் பிறகு பால், பிரெட், பிஸ்கட், எண்ணெய் வரை அந்த வார்த்தையை ஒட்டாத பொருளே இல்லை என்று ஆனது.

முதலில் ஒன்று. எதிர்ப்புச் சக்தி என்பது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி கிடையாது, மோட்டார் போட்டு ரொப்பிக்கொள்ள. அது அளவோடு இருக்க வேண்டிய விஷயம். தூசிக்குத் தும்மித் தீர்க்கிற அலர்ஜியும், மூட்டையே தாக்குகிற முடக்குவாதமும் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வரவில்லை. அது தப்பான ஆளை அடிப்பதால் வருகிறது. 'அதிகரிக்கும்' என்று போட்டவர்களிடம் 'எதை, எவ்வளவு, எப்படி அளந்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள்.

வைட்டமின் சி கதையே இதற்கு நல்ல சாட்சி. லைனஸ் பாலிங் சாமானிய ஆள் இல்லை. வேதியியலுக்கு ஒன்று, சமாதானத்துக்கு ஒன்று என்று இரண்டு நோபல் பரிசு வாங்கியவர். 1970இல் ஜலதோஷத்துக்கு வைட்டமின் சி என்று ஒரு புத்தகமே எழுதினார். உலகமே மாத்திரை விழுங்கியது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது இதுதான்: சாதாரண ஜனங்கள் தினமும் சாப்பிட்டாலும் ஜலதோஷம் வருவது குறையவில்லை. வந்தால் பெரியவர்களுக்கு எட்டு சதவீத நேரம் மிச்சமாகிறது. ஏழு நாளில் எட்டு சதவீதம் என்றால் அரை நாள். அரை நாளுக்காக வருஷம் முழுக்க மாத்திரையா? மாரத்தான் ஓடுகிறவர்கள் மாதிரி உடம்பைக் கடுமையாக வருத்துகிறவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது, உண்மை. மருந்துக் கடை க்யூவில் நின்ற எங்கள் நாலைந்து பேரில் மாரத்தான் ஓடும் ஆள் யாரும் தென்படவில்லை.

அதே கடைக்கு வெளியே தள்ளுவண்டியில் நெல்லிக்காய் குவிந்திருந்தது. குளிர்காலத்தில் மலிவாகக் கிடைப்பது, வைட்டமின் சி நிறைந்தது. பெரியவர் வாங்கிய லேகியத்துக்கும் அதுதான் மூலப் பொருள், என்ன, கூடவே நிறைய சர்க்கரை. நெல்லிக்காய் தின்றாலும் ஜலதோஷம் வரும். ஆனால் நெல்லிக்காய்க்காரர் அப்படிப் பொய் எதுவும் டப்பாவில் எழுதி விற்கவில்லை.

*

சிரப் கேட்ட அம்மாவைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்கு வந்தது சளி, இருமல், ஜுரம். கொடுக்கப்பட்டது ஓர் இருமல் சிரப். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு ஆய்வுக்கூடம் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷ ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். பாட்டிலில் கிட்டத்தட்டப் பாதி விஷம்!

தயாரித்தவர்கள் மேல் வழக்கு, கைது, லைசென்ஸ் ரத்து எல்லாம் நடந்தது. நடக்க வேண்டியதுதான். ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த மாதிரிக் கலவை மருந்தை நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று லேபிளில் போடும்படி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டிருந்தது. விஷம் கலக்காத நல்ல சிரப்பே அந்த வயதுக் குழந்தைக்கு வேண்டாம் என்றுதான் அதற்கு அர்த்தம். பிறகு ஏன் எழுதுகிறார்கள், ஏன் விற்கிறார்கள், ஏன் கேட்கிறோம்?

'குடிச்சதும் நல்லாத் தூங்கிட்டான்.' அதற்குத்தான். அந்தத் தூக்கம் சிரப்பில் இருக்கும் அலர்ஜி மருந்து தருகிற மயக்கம். இருமல் குணமானதன் அடையாளம் கிடையாது. அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. மூன்று ராத்திரியாகக் குழந்தையோடு விழித்திருந்து, விடிந்தால் வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் வேறென்ன கேட்பார்? ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரு ஸ்பூன் தேன் இருமலைக் கொஞ்சம் அடக்கும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதலே 2018இல் இருமலுக்கு முதலில் தேனைத்தான் சொன்னது. ஒரு வயதுக்குள் மட்டும் தேன் கூடவே கூடாது, அது வேறு ஆபத்து. நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வைத்தியம். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டிருந்தால் கவுண்ட்டரில் யாருக்கு என்ன வரவு?

*

பாட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. 'பனியில அலையாதேடா, சளி பிடிக்கும்' என்று அவர்கள் சொன்னபோது, 'சளி வைரஸால வர்றது பாட்டி, பனியால இல்ல' என்று மேதாவித்தனமாகப் பதில் சொன்னவன் நான். பாட்டி பாதி சரி. 2015இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலியின் சுவாசக் குழாய் செல்களை வைத்துச் செய்த ஆய்வில், ஜலதோஷ வைரஸ் 37 டிகிரியைவிட 33 டிகிரியில் நன்றாகப் பெருகுவது தெரிந்தது. மூக்குக்குள் குளிர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே விடியற்காலை பைக்கில் போகிறவர்கள் மூக்கை மூடிக்கொள்வதை இனி நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் குளிருக்காக நாம் செய்கிற வேறு சில காரியங்களைக் கேலி செய்தே ஆக வேண்டும். சென்னையில் மார்கழி ராத்திரி 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அதற்கே ஜன்னல், கதவு எல்லாவற்றையும் இழுத்து மூடி, துணி வைத்து அடைத்து, உள்ளே கொசுவத்திச் சுருளையும் கொளுத்தி வைத்துவிட்டு நாலு பேர் படுக்கிறோம். ஒருவருக்குச் சளி என்றால் விடிவதற்குள் நாலு பேருக்கும் சளி. போதாததற்கு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது. வாழ்நாளில் சிகரெட்டையே தொடாத உங்கள் அம்மா ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறார். கொசுவலை கட்டிக்கொண்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கை கழுவுவதைப் பற்றிச் சொன்னால் 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்பீர்கள். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்கும் முன் கை கழுவுங்கள் என்று சக டாக்டர்களிடம் சொன்னபோது அவர்களும் அப்படித்தான் முகம் சுளித்தார்கள். கழுவிய பிறகு அந்த வார்டில் தாய்மார்கள் சாவது மளமளவென்று குறைந்தது. ஒழுங்காகக் கை கழுவினாலே சளி, இருமல் மாதிரி சுவாச நோய்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும் என்கிறார்கள். எந்த லேகியம் இதைச் செய்யும்?

தூக்கம் இன்னும் பெரிய விஷயம். அமெரிக்காவில் 164 பேரை ஒரு வாரம் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று அளந்துவிட்டு, பிறகு ஓட்டலில் தங்கவைத்து, மூக்கில் ஜலதோஷ வைரஸை சொட்டு மருந்தாக விட்டுப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு: ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு ஜலதோஷம் வரும் வாய்ப்பு நாலு மடங்கு.

சரி, இந்த மார்கழியில் உங்கள் வீட்டில் ஆறு மணி நேரம்கூடத் தூங்காதவர் யார்? கடைசியாகப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் பதினொன்றரைக்குப் படுத்து, நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, எல்லோருக்கும் வெந்நீர் போட்டு, உங்களுக்குச் சுக்குக் காபி கையில் கொண்டுவந்து தருகிறவர். 'குளிர்காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சின்னச் சின்னப் பழக்கங்கள்' என்று பத்திரிகைகளில் நாங்கள் எழுதுகிற குறிப்புகளில் பாதி, உங்கள் உடம்பை அவர் பார்த்துக்கொள்வதைப் பற்றியதுதான். காலையில் வெந்நீர் குடியுங்கள் என்று எழுதுகிறோமே, யார் போட்டுக் கொடுப்பது என்று என்றைக்காவது எழுதியிருக்கிறோமா? ஒரு நாள் நீங்கள் எழுந்து போடுங்கள். அவர் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கட்டும். அந்த வீட்டின் எதிர்ப்புச் சக்திக்கு அதைவிட நல்ல டானிக் இல்லை.

*

எல்லாப் பழக்கத்தையும் தனி மனிதன் தலையிலேயே கட்டுவதும் நியாயமில்லை. மஃப்ளர் ஆசாமி ஏன் 'ஸ்ட்ராங்கா' கேட்டார்? மறுநாள் ஆபீஸ் போயாக வேண்டும். சளி பிடித்தவர் செய்ய வேண்டிய முதல் காரியம் இரண்டு நாள் வீட்டில் கிடப்பது. அவருக்கும் நல்லது, பக்கத்து சீட்டுக்காரருக்கும் நல்லது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே வருஷத்துக்கு 12 நாள் வரை நோய்க்காகச் சம்பளத்தோடு விடுப்பு தரச் சொல்கிறது. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று புடவை விரித்துப் போடுகிற பெண்ணிடம் போய், 'உனக்கு அப்படி ஒரு லீவு உண்டு தெரியுமா?' என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடங்கள் இன்னும் ஒரு படி மேல். ஒரு நாளும் லீவு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பரிசு! அந்தப் பரிசுக்காக ஜுரத்தோடு வந்து வகுப்பு முழுக்கத் தும்மிய பிள்ளைகள் எத்தனை பேர்? நோயோடு வெளியே போகாதே என்று சொல்லித்தர வேண்டிய இடம், போனால் கப் தருகிறது. எனக்கு அதிகாரம் இருந்தால், சளி பிடித்தபோது வீட்டிலேயே இருந்த பிள்ளைக்குத்தான் அந்தக் கப்பைக் கொடுப்பேன்.

*

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என் கதையைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

பல வருஷம் முன்பு வரை போகியன்று விடியற்காலை எங்கள் வாசலில் பெரிய நெருப்பு என்னுடையதுதான். பழைய பாய், கிழிந்த தலையணை, உடைந்த பிளாஸ்டிக் பக்கெட், சைக்கிள் டயர் என்று சேர்த்து வைத்துக் கொளுத்துவேன். பையன்கள் மேளம் அடிப்பார்கள். டயர் எரிந்தால்தான் தெருவுக்கே தெரியும் என்று ஒரு பெருமை. அந்த வருஷமும் அப்படித்தான். நெருப்பு அடங்கி உள்ளே வந்தால், அப்பா கட்டில் ஓரத்தில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, குனிந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் மடியில் கிடந்தது. ஜன்னல் முழுக்கச் சாத்தியிருந்தும் அறைக்குள் டயர் நாற்றம். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "முடிஞ்சுதாப்பா?"

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகக் கிடக்கும். மேலே இருப்பது அதைவிட வெதுவெதுப்பு. அதனால் புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்களை ரத்து செய்தார்கள், வேறு ஊருக்குத் திருப்பி விட்டார்கள். விமானத்தைத் திருப்பி விடலாம். ஆஸ்துமா உள்ள மனிதர் எங்கே திரும்பிப் போவார்? இப்போது எங்கள் வீட்டில் பழைய பாய் குப்பை வண்டிக்குப் போகிறது. பழையன கழிவதற்கு நெருப்புத்தான் வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் என்னை வந்து கேட்கவில்லை.

*

டாக்டரிடமே போகாதீர்கள் என்று நான் எழுதியதாக யாரும் சொல்லிவிடக் கூடாது. மூச்சு வாங்கினால், ஜுரம் மூன்று நாளைத் தாண்டினால், கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி என்றால் உடனே போங்கள். மழை முடிந்த இந்த சீசனில் ஜுரம் டெங்குவாகவும் இருக்கலாம். அப்போது கடைக்காரர் வெட்டித் தரும் வலி மாத்திரையில் ஆஸ்பிரினோ இப்யூபுரூஃபனோ இருந்தால் ரத்தக் கசிவு ஆபத்து. முன்னூறு ரூபாய் ஃபீஸ் கொடுக்க முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு வருஷா வருஷம் போடுகிற ஃப்ளூ ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். டப்பா டப்பாவாக லேகியம் வாங்குவதைவிட உருப்படியான செலவு.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. 'பேஷண்ட் எதிர்பார்க்கிறாங்க, எழுதலேன்னா அடுத்த டாக்டர்கிட்ட போயிடுவாங்க' என்று நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மருந்துக் கடைக்காரர் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை அதேதான். எம்.பி.பி.எஸ். படித்த உங்களிடமிருந்து வேறு பதில் வேண்டும். 'ஒண்ணும் வேண்டாம், போய்த் தூங்கு' என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் நாங்கள் ஃபீஸ் கொடுக்கிறோம்.

நாங்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை கடைக்காரர் கத்தரிக்கோலை எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது ஆன்டிபயாடிக்கா?" ஆமாம் என்றால், "அது மட்டும் வேண்டாம்."

அன்றைக்கு மஃப்ளர்காரர் போன பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.